எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்த கார்

1988ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பருவத்தில் மொத்தம் 16 பந்தயங்கள். மெக்லாரன் எம்பி4/4 என்ற கார் அவற்றில் 15ஐ வென்றது. அய்ர்டன் சென்னாவுக்கு 8, அலைன் ப்ராஸ்டுக்கு 7. கைவிட்டுப்போன ஒன்று இத்தாலியின் மான்ஸா. அங்கும் பந்தயம் முடிய இரண்டே சுற்று இருந்தபோது, பின்தங்கிய வில்லியம்ஸ் கார் ஒன்றைத் தாண்டப்போய் சென்னா மோதிக்கொண்டதால்தான் போயிற்று. 2023இல் ரெட் புல் ஆர்பி19 அதையும் விஞ்சியது: 22இல் 21. பந்தயக் கார்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. எத்தனை ஓட்டம், எத்தனை வெற்றி என்று எண்ணி, வகுத்து, வரும் சதவீதத்தைக் காரின் மதிப்பென்று வைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் பிறந்த ஒற்றை இருக்கைக் கார்களில் மிக முக்கியமானது எது என்று கேட்டு இதே கணக்கைப் போட்டால் விடை கேலிக்கூத்தாகிவிடும். எஸ். கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் கோவையில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, தான் கலந்துகொண்ட தனிப்பிரிவுப் பந்தயங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்தது. எல்லாவற்றிலும் இரண்டாவதாகவும் வந்தது, கடைசியாகவும் வந்தது. வரிசையில் நின்ற கார்கள் எல்லாம் அதுவே. அப்படியானால் அதன் வடிவமைப்பு நல்லதா, சுமாரா என்று எதை வைத்துச் சொல்வது? வெற்றிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலையை அது செய்ததா என்று பார்த்தால், மெக்லாரனோடு ஒரே மூச்சில் பேசத்தக்க கார் இது என்பது என் வாதம்.

வெற்றிக் கணக்கு உச்சத்துக் கார்களுக்கே எவ்வளவு நம்பகமற்றது என்பதைக் காட்ட வெளியே தேடவேண்டாம். நம்மூர்க்காரர்கள் இருவரின் அனுபவம் போதும். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்தள வளைவில் தாங்காது என்று தெரிந்ததால், அந்த டயர் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றை முடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குத் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் டயரோடு எஞ்சிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் இஜே15 காரில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஏட்டில் அது நான்காம் இடம். கார் நல்ல கார் என்பதற்கு அது சாட்சியாகுமா? மறுபக்கமும் உண்டு. 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஹிஸ்பானியா அணியில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தார். பஹ்ரைனில் அவருடைய கார் முதன்முதலாகத் தடத்தில் உருண்டதே சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில்தான். அதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம்கூட இல்லை. மறு ஆண்டு அதே அணிக்கு வந்த கார்த்திகேயன், மெல்போர்னில், தகுதிச் சுற்றின் அதிவேக நேரத்தில் 107 சதவீதத்துக்குள் சுற்றை முடிக்கவேண்டும் என்ற விதியை நிறைவேற்ற முடியாமல் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. அந்தக் காரும் முன்னோட்டம் எதுவும் இல்லாமல் நேராக அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டதுதான். மூன்று பருவம் ஓடிய அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் 2012இல் மூடப்பட்டது. இந்த முடிவுகளைப் பார்த்து ஓட்டியவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. காரும் பணமும் காலமும் மனிதரும் ஒரே எண்ணுக்குள் பிசையப்பட்டிருக்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை.

கரிவர்தன் பிரிக்க வழி செய்தார். அவருக்கு முந்தைய சோழவரத்தை நினைத்துப் பார்த்தால் அதன் தேவை புரியும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தைத்தான் அங்கே பந்தயத் தடமாக வைத்திருந்தார்கள். பட்டறையில் ஒட்டுப்போட்ட உள்ளூர்க் கார்களும், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய ஃபார்முலா கார்களும் ஒரே மைதானத்தில் வலம்வந்தன. விஜய் மல்லையா ஓட்டியது ஃபார்முலா ஒன்னிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு என்சைன். கூட்டம் சேர்ந்தது, புழுதி பறந்தது, ஜெயிக்கப்போவது யார் என்பது துறைமுகத்தில் சரக்கு இறங்கிய அன்றே பாதி தெரிந்துவிட்டது. 1990இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்தில் முறையான தடத்தைத் திறந்தது. தடம் வந்துவிட்டது, அதில் ஓட, வாங்கவும் பழுதுபார்க்கவும் கட்டுப்படியாகிற கார் வேண்டுமே. ஃபார்முலா மாருதி அந்த இடத்தில் பொருந்தியது. மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கை வைத்து, திறந்த சக்கரங்களோடு ஒரு கார்.

அந்த என்ஜின் தேர்வில்தான் பாதி வடிவமைப்பு அடங்கியிருக்கிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த ஆண்டே அதே என்ஜினோடு வேனும் வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் பெற்றது. கோவையில் கட்டி இருங்காட்டுக்கோட்டையில் ஓடவேண்டிய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு சேலம், ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை என்று போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வழி நெடுக எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் அந்த என்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக் இருப்பார். பள்ளிக்கூட வேனிலும் ஆம்புலன்சிலும் வாடகை வண்டியிலும் இருந்தது அதுதான். கேஸ்கெட், பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் சின்னசேலம் கடையிலேயே கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து ஒரு உதிரிபாகம் வர ஆறு வாரம் காத்திருக்கும் கார் அந்தப் பருவத்தில் ஓடவே ஓடாது. ஓடாத காரின் குதிரைத்திறன் எவ்வளவாக இருந்தால் என்ன?

வீட்டுக் காரின் உறுப்புகளைக் கொண்டு பந்தயக் கார் கட்டுவது ஏழை நாட்டுச் சமாளிப்பு என்று நினைப்பவர்கள் பந்தய வரலாற்றை ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். 1946இல் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இங்கிலாந்தில் தங்கள் முதல் 500 சிசி காரைக் கட்டியபோது, இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பகுதிகளை முதுகோடு முதுகாக ஒட்டினார்கள். ஜாப் மோட்டார் சைக்கிள் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். செயின் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்ற அதுதான் வசதி. அந்த வசதிக்காக வைத்த இடம், 1959இல் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றபோது உலகத்துக்கே பாடமாயிற்று. அதற்குப் பிறகு என்ஜினை முன்னால் வைத்த ஃபார்முலா ஒன் கார் எதுவும் பட்டம் வாங்கவில்லை. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் என்ஜினும் முன் அச்சும் கொண்டு ஃபார்முலா வீ வந்தது. 1967இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது; சாலைக் காரின் என்ஜின், சாலை டயர், இறக்கை கிடையாது, விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது. சென்னாவும் மான்செலும் ஹாக்கினனும் பட்டனும் வளர்ந்தது அந்தப் பள்ளியில். ஃபார்முலா மாருதி இந்தக் குடும்பத்தின் கோவைக் கிளை.

சட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நான்கு குழாய்களைச் சதுரமாக வெல்டிங் செய்து ஒரு மூலையில் அழுத்தினால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். முழு பாரமும் வெல்டிங் மூட்டின்மேல் விழும். மூலைக்கு மூலை ஒரு குழாயைக் குறுக்கே போட்டால் இரண்டு முக்கோணங்கள். இப்போது அழுத்தினால் வடிவம் மாற வழியில்லை. குழாய் ஒன்று நீளவேண்டும் அல்லது சுருங்கவேண்டும், இரும்பு அவ்வளவு எளிதில் அதற்கு இணங்காது. குழாய்ச் சட்டம் என்பது இப்படி முக்கோணங்களை அடுக்கிய கூடுதான். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: சஸ்பென்ஷனின் விஷ்போன் கைகள் வந்து பூட்டிக்கொள்ளும் இடம், குழாய்கள் கூடும் மூட்டிலேயே இருக்கவேண்டும். மூட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, குழாயின் நடுவில் பூட்டினால், வளைவில் சக்கரம் தள்ளும் ஒவ்வொரு முறையும் குழாய் வில்லாக வளையும். பிறகு ஸ்பிரிங்கை இறுக்கினாலும் தளர்த்தினாலும் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது. காரே ஒரு கணக்கில் வராத ஸ்பிரிங்காக வேலை செய்துகொண்டிருக்கும். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இதைவிடக் கெட்ட கார் இருக்கமுடியாது. உலகத்தின் உச்சியில் 1962இல் லோட்டஸ் 25 அலுமினியத் தகட்டுக் கூட்டுக்கும், 1981இல் மெக்லாரன் கார்பன் ஃபைபருக்கும் மாறிவிட்டன என்பது உண்மை. கார்பன் கூடு இலேசானது, விறைப்பானது. ஆனால் சுவரில் இடித்து உள்ளே விரிசல் விட்டால் அதைக் கண்டுபிடிக்கவே தனி ஆய்வுக்கூடம் வேண்டும். குழாய் நெளிந்தால் நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, ஜிக்கில் பொருத்தி, இரவோடிரவாக வெல்டிங் அடித்து மறுநாள் ஓட்டலாம். ஜவுளி இயந்திரமும் பம்புசெட்டும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளுக்கு இது புது வித்தையே இல்லை.

என்ஜினைப் பின்னால் வைப்பதும் மாருதி போன்ற முன்சக்கர இயக்கக் காரின் உறுப்புகளால் எளிதாகிறது. அந்த வகைக் கார்களில் என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக, சக்கரங்களின் அருகிலேயே இருக்கும். கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுப்புறம் வைத்தால் நீளமான சுழல் தண்டே தேவையில்லை. எடையும் நடுவுக்கு வந்துவிடும். எடை இரண்டு முனையிலும் தொங்கும் காரைத் திருப்பத் தொடங்குவதும் கடினம், திரும்பத் தொடங்கியதை நிறுத்துவதும் கடினம். நடுவில் குவிந்த கார் ஸ்டியரிங் சொல்வதை உடனே கேட்கும். அதே காரணத்தால், பின்புறம் வழுக்க ஆரம்பித்தால் அதுவும் சட்டென்று வழுக்கும். கை தயாராக இருக்கவேண்டும்.

இனி எல்லாரும் கிண்டலாகக் கேட்கும் கேள்விக்கு வரவேண்டும். சாலைக் காரில் 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத என்ஜின் அது. இதை வைத்துக்கொண்டு பந்தயமா? என் வாதத்தின் மையமே இங்கேதான்: அந்தச் சிறிய என்ஜின் குறையே இல்லை, கருவியின் துல்லியமே அதனால்தான் வருகிறது. ஒரு கணக்குப் போடலாம். வளைவில் ஒரு கார் போகக்கூடிய அதிகபட்ச வேகத்தை என்ஜின் தீர்மானிப்பதில்லை. டயரின் பிடிப்பும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. இறக்கை இல்லாத கார், காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டுப் பிடிப்பைத் தரும் டயர் என்று கொள்வோம். ஆரம் 40 மீட்டர், அதாவது கல்வராயன் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைவிட நன்றாக விசாலமானது. இதில் மணிக்குச் சுமார் 71 கி.மீ. வரை போகலாம். காரின் எடை இருபுறமும் அடிபட்டுப் போவதால் சமன்பாட்டில் அதுவும் இல்லை. இதே வளைவில் இன்னொருவர் வெளி விளிம்பிலிருந்து நுழைந்து, உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே விரித்துப் போகிறார். தடம் அதே தடம்தான். அவர் வரைந்த கோட்டின் ஆரம் 48 மீட்டர். அவர் சுமார் 78 கி.மீ.யில் வெளியே வருவார். 7 கி.மீ. வித்தியாசம், அதைச் சம்பாதிக்க என்ஜினுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட கூடுதலாகச் செலவில்லை.

முதலாமவர் அந்த 7 கி.மீ.யை நேர்பாதையில் என்ஜினை மிதித்துத்தான் பிடிக்கவேண்டும். ஆளோடு சேர்த்து 500 கிலோ எடை, சக்கரத்துக்கு வந்துசேரும் சக்தி 30 கிலோவாட் என்று வைத்தால், காற்றின் தடையைக் கழிக்காமலே அதற்கு 0.65 வினாடி ஆகும். நேர்பாதையின் கடைசியில், மணிக்கு 140 கி.மீ. வேகத்தில், அவர் சுமார் 0.3 வினாடி பின்னால் இருப்பார். மூன்று மடங்கு சக்தி உள்ள காரில் அதே தவறைச் செய்தால் பின்னடைவு ஏறக்குறைய 0.1 வினாடிதான். அதாவது சக்தி குறையக் குறைய, ஓட்டுநரின் பிசகு சுற்று நேரத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டுபவருக்கு இந்தச் சமன்பாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை; மேடு வருமுன்பே வேகத்தைச் சேர்த்துக்கொள்வார், தேவையில்லாமல் பிரேக்கைத் தொடமாட்டார், ஏனென்றால் ஒருமுறை விட்ட வேகத்தை அந்த என்ஜின் திருப்பித் தராது. ஃபார்முலா மாருதியில் 15 சுற்று ஓடும் இளைஞனும் இதைத்தான் கற்கிறான். ஒரே ஒரு வளைவில், சுற்றுக்கு ஒருமுறை, ஒரே தவறு என்றால்கூட பந்தய முடிவில் நாலரை வினாடி. பெரிய என்ஜின் இந்தத் தவறை மூடி மறைக்கும். சிறிய என்ஜின் அம்பலப்படுத்தும்.

இந்தக் கணக்கு டயரிலும் எழுதப்படுகிறது. பந்தயம் முடிந்து நிற்கும் காரின் முன்டயரைக் குனிந்து பார்த்தால், வெளித்தோளில் ரப்பர் சின்னச் சின்ன உருளைகளாகத் திரண்டு, பென்சில் அழித்த ரப்பர்த் துகள்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அது அளவுக்கு மீறித் திரண்டிருந்தால், அந்த ஓட்டுநர் டயர் திரும்பத் தயாராகும் முன்பே ஸ்டியரிங்கை அதிகம் ஒடித்திருக்கிறார் என்று பொருள். முன்சக்கரம் உருண்டதைவிடத் தேய்ந்தது அதிகம், ஒவ்வொரு தேய்வும் என்ஜின் பாடுபட்டுச் சேர்த்த வேகத்தைத் தின்றிருக்கிறது. எல்லாரும் ஒரே காரில் ஓடும்போது, இரண்டு டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மனிதர்களின் கைப்பழக்கம் தெரியும். வெவ்வேறு கார்களாக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

ஒரே கார் என்று சொல்வதே பாதிப் பொய் என்று ஒரு மறுப்பு எழும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு என்ஜின்கள்கூட ஒன்றாக இருக்காது. சிலிண்டரின் தேய்மானம், வால்வின் அமைப்பு, கார்புரேட்டரின் சீர் எல்லாம் மாறும். 2 சதவீத வேறுபாடு சாதாரணம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறுவதால், 2 சதவீதச் சக்தி வேறுபாடு உச்ச வேகத்தில் முக்கால் சதவீதத்துக்கும் குறைவாகவே தெரியும். ஆனால் 140 கி.மீ.யில் அது ஏறத்தாழ ஒரு கி.மீ.; ஒரு நேர்பாதையில் ஒரு காரின் நீளத்தை எளிதில் தின்றுவிடும். ஆகவே இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒற்றைவகைப் பந்தயங்களில் என்ஜினுக்கு முத்திரை வைப்பதும், பிரித்துச் சோதிப்பதும் சடங்கு இல்லை. அவை இல்லாவிட்டால் ஒற்றைவகை என்ற பெயரே வீண். இதற்கு எதிர்த்திசையில் வேலைசெய்யும் ஒன்றும் உண்டு. இறக்கையால் தரையில் ஒட்டி ஓடும் வேகமான கார், முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றுக்குள் புகுந்தால் வளைவில் பிடிப்பை இழந்து பின்வாங்கும். இறக்கையை நம்பாத காருக்கு இழக்க ஒன்றுமில்லை. முன்காரின் நிழலில் புகுந்தால் காற்றுத் தடை குறைந்து வேகம்தான் கூடும். சற்றே சோம்பிய என்ஜினோடு வந்தவரும் இப்படி ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி வளைவில் புத்தியைக் காட்டலாம். இதனால் ஒரு தனிப் பந்தயத்தின் முடிவு திறமையைத் துல்லியமாகச் சொல்லாது என்பதும் சரிதான். ஒரு பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்.

அடுத்த மறுப்பு கனமானது. மெதுவான கார் வேகமான காருக்கு ஆளைத் தயார்செய்யாது என்பார்கள். கீழ்நோக்கு அழுத்தம் வேகத்தின் இருபடியாகக் கூடும். ஃபார்முலா ஒன் காரில் வளைவுக்குள் பயந்து வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு போய்விடும், துணிந்து போனால்தான் கார் தரையைப் பிடிக்கும். இந்த உணர்வை இறக்கையற்ற 796 சிசி காரில் எத்தனை ஆண்டு ஓட்டினாலும் பெறமுடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுநர்களின் வரலாறே அதைச் சொல்கிறது. கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 1992இல் பிரான்சின் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளிக்குப் போனார்; 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார்; 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம்; பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3, நிஸான் உலகத் தொடர் என்று படிப்படியாக ஏறி 2005இல்தான் ஃபார்முலா ஒன். சந்தோக்கும் 2000இல் ஃபார்முலா மாருதி, 2001இல் ஃபார்முலா ஏசியா பட்டம், 2010இல் ஃபார்முலா ஒன். இடைப்பட்ட படிகள் எல்லாம் வெளிநாட்டில் இருந்தன. மூன்றாம் படியின் வேலையைச் செய்யாதது முதல் படியின் குற்றமில்லை. வளைவில் வேகத்தைக் காப்பதும், பக்கத்தில் ஒருவர் சக்கரத்தோடு சக்கரம் உரச வரும்போது கோட்டை விடாமலிருப்பதும் இங்கே கற்றுக்கொண்டவை. மேலே போனபின் இவற்றைக் கற்க நேரம் தரமாட்டார்கள்.

சரி, ஆனால் அவர்கள் ஏறியது காராலா, குடும்பத்தாலா? கார்த்திகேயனின் தந்தை தென்னிந்திய ராலிகளில் பலமுறை வென்றவர். சந்தோக்கின் தாத்தா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், தந்தையும் பந்தயக்காரர். பணமும் தொடர்பும் இருந்தவர்கள் எந்தக் காரில் தொடங்கியிருந்தாலும் மேலே போயிருப்பார்கள் என்று சொன்னால் அதை முழுதாக மறுக்க என்னிடம் சான்றில்லை. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டியவர்கள் இருவரே; இருவரும் அந்த ஒரே காரில் தொடங்கினார்கள் என்பது கேட்க நன்றாயிருக்கும், ஆனால் இரண்டை வைத்து யாரும் புள்ளிவிவரம் பேசமாட்டார்கள். ஆகவே அந்த இருவரை என் முக்கியச் சான்றாக வைக்கமாட்டேன். நான் வைப்பது வேறு: செய்முறையின் ஆயுள். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். வடிவமைத்தவர் போனால் அவருடைய ஒற்றைவகைப் பிரிவும் சேர்ந்து மறைவதுதான் உலக வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. ரோலான் செயின் செய்யும் கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரோடு அடுத்த தலைமுறைக் கார்கள் வந்தன; ஃபார்முலா எல்ஜிபி ஸ்விஃப்ட், ஃபார்முலா எல்ஜிபி ஹூண்டாய், செவ்ரோலே என்ஜினோடு ஃபார்முலா ரோலான். என்ஜின் பெரிதாயிற்று, இறக்கை முளைத்தது, ஆனால் அடிப்படை அதேதான்: ஊரில் கிடைக்கும் என்ஜின், பட்டறையில் திருத்தக்கூடிய உடல், எல்லாருக்கும் ஒரே கார். மாருதி 800 உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது, செய்முறை நிற்கவில்லை. மெக்லாரன் எம்பி4/4 ஒரே பருவத்தில் முடிந்தது. டர்போ என்ஜின் மறு ஆண்டே தடைசெய்யப்பட்டதால் அதன் ஆயுள் அவ்வளவுதான். இரண்டும் தத்தம் வேலையைப் பழுதில்லாமல் செய்தவை. ஒன்றின் வேலை பதினைந்து கோப்பை, மற்றதன் வேலை முப்பதாண்டு வழக்கம்.

பாதுகாப்புப் பற்றிய மறுப்புக்கு மட்டும் எனக்கு முழுப் பதில் கிடையாது. இப்போது இந்திய ஃபார்முலா 4 தொடரில் ஓடுவது பிரான்சின் மைகேல் நிறுவனத்தின் எம்21 கார். கார்பன் ஃபைபர் கூடு, ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம், ஆல்பின் 1.3 லிட்டர் டர்போ என்ஜின். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஓடியது அதுதான். சுவரும் வேலியும் இவ்வளவு நெருங்கி நிற்கும் தெருத் தடத்தில் பழைய குழாய்ச் சட்டத்தை விரும்பி நிறுத்த எவருக்கும் மனம் வராது. இயற்பியல் கொஞ்சம் சலுகை தருகிறது: 500 கிலோ கார் 150 கி.மீ.யில் சுமக்கும் ஆற்றலைவிட, 700 கிலோ கார் 200 கி.மீ.யில் சுமப்பது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மெதுவான காரின் மோதலில் உடல் உறிஞ்சவேண்டியது குறைவு. ஆனால் குறைவு என்பது பாதுகாப்பு ஆகிவிடாது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை இன்றைக்கு எதில் உட்காரவைப்பீர்கள் என்று பெற்றோரைக் கேட்டால், கார்பன் கூட்டைத்தான் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்தோடு ஒரு இழப்பும் வருகிறது; அதைப் பற்றி அதிகம் பேசக் காணோம். மைகேல் காரை இறக்குமதி செய்தால் ஓட்டுநருக்கு உலகத்தரம் கிடைக்கிறது. விஷ்போனை எந்த மூட்டில் பூட்டுவது, எங்கே முக்கோணம் போடுவது என்று முடிவெடுத்துத் தவறி, மறுபடி முடிவெடுத்த வேலை மட்டும் பிரான்சிலேயே தங்கிவிடுகிறது. ஃபார்முலா மாருதி ஓட்டுநர்களைச் சோதித்த அளவுக்கு அதைக் கட்டியவர்களையும் சோதித்தது. அந்தச் சோதனை இப்போது நடப்பது கல்லூரி மாணவர்களிடம்தான். அவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. உலகெங்கும் இந்த வகைப் போட்டிகளில் மதிப்பெண் முறையே விசித்திரமானது. மொத்தம் ஆயிரத்தில் 325 மதிப்பெண்ணுக்குக் கார் நகரவே வேண்டாம்: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, விற்பனைத் திட்டத்துக்கு 75. நடுவர்கள் காரின் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டி, இந்தக் குழாய் ஏன் இந்தத் தடிமன், பூட்டு ஏன் இங்கே, பாரம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்பார்கள். முன்னவர்கள் இப்படித்தான் செய்தார்கள் என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை. எஞ்சியவற்றில் மிகப் பெரிய பங்கு, சுமார் 22 கி.மீ. நீடிக்கும் ஓட்டத்துக்கு. பாதியில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஓட்டுநரை மாற்றிக்கொண்டு மறுபடி கிளப்பவேண்டும். சூடான என்ஜின் அந்த நேரத்தில் கிளம்பாமல் மக்கர் செய்து, அதோடு ஓட்டம் முடிந்துபோகும் கார்கள் ஒவ்வொரு முறையும் சில உண்டு.